பகல் முழுக்க ஷிப்டுக்குள் போய்விடுகிறது

கேள்வி: ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரத்துக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. வயது 33. கணவர் இன்ஜினீயர், அவருடைய விசாவில் டிபென்டன்ட்டாக வந்தேன். சென்னையில் பார்த்த அதே கம்பெனி வேலையை இங்கே வீட்டிலிருந்து செய்கிறேன். ஷிப்ட் இந்திய நேரம் மதியம் 2 மணி முதல் இரவு 11 மணி வரை, நடுவில் ஒரு மணி நேரம் பிரேக். மகளுக்கு ஆறு வயது. கோடையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கிளாக் மாறியதிலிருந்து மகளைக் கணவரே காரில் பள்ளியில் விட்டுவிடுகிறார், மாலையில் அவரே அழைத்து வருகிறார். எனக்கு நவம்பரிலிருந்து பத்து மணி நேரம் தூங்கினாலும் அசதி தீரவில்லை. சோறும் இனிப்பும் தேடுகிறது, எடை கூடிவிட்டது. கால் வலி, முடி கொட்டுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. கரண்ட் பில்லுக்குப் பயந்து படுக்கையறையில் திரையை மூடி, கம்பளி போர்த்திக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். இன்னும் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதியவில்லை. இது மனநோயா? அம்மா ஊரிலிருந்து அனுப்பிய 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை வாரம் ஒன்று போடலாமா? பகல் வெளிச்சம் போலப் பிரகாசமாக எரிகிற லைட் பாக்ஸ் விளக்கு வாங்கலாமா? பேசாமல் விருதுநகருக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது. கணவர், "வீட்டில் சும்மா உட்கார்ந்தே இருப்பதால் வரும் சோம்பல்" என்கிறார்.

பதில்: இது சோம்பல் இல்லை. கணவரும் படிக்கட்டும் என்பதற்காக இதை முதல் வரியிலேயே சொல்கிறேன். அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்கள் மேல் ஆசை, எடை கூடுவது, அழுகை எல்லாம் சேர்ந்து நவம்பரில் தொடங்கினால், எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது குளிர்கால மனச்சோர்வைத்தான். அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவரது குழுவும் 1984-இல் இதை விவரித்து எழுதினார்கள். வடக்கே போகப் போக இது கூடுதலாகத் தென்படும். இன்வர்னெஸ் பூமத்திய ரேகையிலிருந்து 57 பாகைக்கும் மேல் வடக்கே இருக்கிற ஊர். ஆனால் கால் வலியும் முடி கொட்டுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அதற்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. "கிளாக் மாறியதிலிருந்து மகளைக் கணவரே காரில் விட்டுவிடுகிறார்." அக்டோபர் கடைசி ஞாயிறு பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். இந்தியாவில் அது கிடையாது. அதனால் கோடையில் நான்கரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடுகிறது. சென்னையில் உங்கள் ஷிப்ட் எப்போதும் போல 2 மணிக்குத்தான் தொடங்குகிறது. உங்களுக்கோ அது காலை 9:30-லிருந்து 8:30-க்கு வந்துவிட்டது. கோடையில் மகளை நடத்திக் கூட்டிப்போய்ப் பள்ளி வாசலில் விட்டு, அங்கே நிற்கிற நான்கு அம்மாக்களிடம் "மார்னிங்" சொல்லிவிட்டுத் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறக்க நேரம் இருந்தது. இப்போது இல்லை. உங்கள் நாளில் இருந்த ஒரே நடையும், வீட்டுக்கு வெளியே கிடைத்த ஒரே பேச்சும் அதே வாரத்தில் போய்விட்டன. உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் அதற்குப் பிறகுதான்.

அதோடு வெளிச்சத்தின் கணக்கையும் பாருங்கள். டிசம்பர் கடைசியில் இன்வர்னெஸில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய 9 மணி ஆகிறது. மாலை 3:30 வாக்கில் மறைந்துவிடுகிறது. உங்கள் ஷிப்ட் காலை 8:30 முதல் மாலை 5:30 வரை. அதாவது அன்றைய பகல் மொத்தமும் உங்கள் ஷிப்டுக்குள்ளேயே போய்விடுகிறது, அதையும் நீங்கள் திரை மூடிய அறைக்குள் கழிக்கிறீர்கள். இங்கே அலுவலகத்துக்குப் போய் வருகிறவருக்குப் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடமாவது, சாண்ட்விச் வாங்கப் போகும்போது ஐந்து நிமிடமாவது பகல் கண்ணில் படும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு அதுவும் கிடையாது. என்னிடம் வருகிறவர்களில் வீட்டிலிருந்து வேறு நாட்டு நேரத்துக்கு வேலை பார்க்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, "உங்கள் ஷிப்ட் இந்த ஊர் நேரத்தில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?" என்பதைத்தான்.

அதனால் மாத்திரைக்கு முன்னால், லைட் பாக்ஸுக்கு முன்னால், மேனேஜரிடம் பேசுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு வரை உங்கள் ஷிப்டை இந்திய நேரம் 3 முதல் 12 வரை மாற்றித் தரச் சொல்லுங்கள். உங்களுக்கு அது கோடையில் பார்த்த அதே 9:30 முதல் 6:30. வேலை நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அமெரிக்க கிளையன்ட் இருந்தால் அவர்களோடு சேர்ந்திருக்கும் நேரம் ஒரு மணி கூடத்தான் செய்கிறது. உடல்நிலையைப் பற்றி எதுவும் சொல்லத் தேவையில்லை. "எங்கள் ஊரில் கடிகாரம் மாறிவிட்டது, மகளைப் பள்ளியில் விட வேண்டும்" என்றால் போதும், அது உண்மையும்கூட.

அடுத்து அந்த ஒரு மணி நேர பிரேக். அதை மதியம் 12 முதல் 1 வரை என்று காலண்டரில் பூட்டி வையுங்கள். சென்னையில் அப்போது மாலை ஐந்தரை, நியூயார்க்கில் காலை 7 மணி. யாரும் மீட்டிங் வைக்க அவ்வளவாக ஆசைப்படாத நேரம். இன்வர்னெஸில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்குச் சற்றுப் பிறகுதான்; அப்போதும் டிசம்பர் கடைசியில் அடிவானத்திலிருந்து 9 பாகை உயரம்தான் ஏறுகிறது. அடுத்த வீட்டுக் கூரைக்கு மேலேகூட அது வராது. அதனால்தான் ஜன்னலோரம் நின்றால் போதாது, வானம் திறந்திருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். மேனேஜர் ஷிப்டை மாற்ற மறுத்தாலும் இந்த பிரேக்கை விடாதீர்கள். முடிந்தால் அதை ஒன்றரை மணி நேரமாக்கி, அரை மணியைக் கடைசியில் சேர்த்துச் செய்துகொடுங்கள்.

எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம், உங்கள் ஊர் இதற்கென்றே அமைந்த ஊர். நெஸ் ஆறு நகரத்துக்கு நடுவிலேயே ஓடுகிறது. கோட்டைப் பக்கத்திலிருந்து கரையோடு தெற்கே நடந்தால் நெஸ் தீவுகள் வரும். சிறு நடைபாலங்களால் ஒன்றோடொன்று கோர்த்த, பெரிய மரங்கள் நிற்கிற தீவுகள். வீடு மேற்குப் பக்கம் என்றால் கலிடோனியன் கால்வாய்க் கரை இன்னும் நல்லது. தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1822-இல் திறந்த கால்வாய் அது. மேடு பள்ளமில்லாத பாதை, மேலே முழு வானம். மியூர்டவுன் மதகுகளிலிருந்து கடல் பக்கமாக நடந்தால் வெளிச்சத்தை எதுவும் மறைக்காது.

மேகம் மூடியிருக்கிறதே, இதில் என்ன வெளிச்சம் என்று நினைக்காதீர்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான் தரும். மேகமூட்டமான பகலில்கூட வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தூக்கத்தையும் விழிப்பையும் நடத்துகிற மூளைக் கடிகாரத்துக்கு நன்றாகவே தெரியும். தினமும் அம்மாவிடம் பேசுவீர்கள்தானே? அந்தப் பேச்சை இந்த நடையில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அப்போது மாலை காபி நேரம். படுக்கையறையிலிருந்து பேசினால் இரண்டு பேரும் அழுவீர்கள். கால்வாய்க் கரையில் நடந்துகொண்டே பேசும்போது, மிதக்கிற வாத்தையோ நாயைக் கூட்டி வருகிற தாத்தாவையோ காட்ட ஏதாவது இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜனவரியில் நடைபாதை கண்ணாடி போல உறைந்திருக்கும். இங்கே குளிர்காலத்தில் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு உடைந்து வருகிறவர்கள் நிறைய. கையைப் பாக்கெட்டுக்குள் விடாதீர்கள், கையுறை போடுங்கள். உறைந்த இடத்தில் குட்டி குட்டி அடியாக, பாதம் முழுவதும் தரையில் பட நடங்கள். ஷூவின் அடியில் மாட்டுகிற ரப்பர் முள்பட்டை மலையேறும் சாமான் கடைகளில் கிடைக்கும். சென்னையிலிருந்து கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் ஷூ இதற்கு உதவாது.

அப்புறம் அந்த அறை. மேசையை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தி, காலையில் எழுந்ததும் திரையைத் திறந்துவிடுங்கள். ஜன்னலை விட்டு ஓரிரண்டு மீட்டர் உள்ளே தள்ளினாலே வெளிச்சம் வேகமாகக் குறைந்துவிடும். உட்கார்ந்து வேலை செய்கிற அறை 18 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. அதற்குக் கீழ் மிச்சம் பிடிக்கிற காசு இருமலாகவும் மூட்டு வலியாகவும் வரும். உங்கள் வீட்டில் இருப்பது சுவரோடு ஒட்டிய கனமான ஸ்டோரேஜ் ஹீட்டர் என்றால் அதன் இரண்டு திருகுகளைக் கவனியுங்கள். இன்புட் என்பது இரவு மலிவுக் கட்டண மின்சாரத்தில் எவ்வளவு சூட்டைச் சேர்த்து வைப்பது என்பதற்கு. அவுட்புட் என்பது பகலில் எவ்வளவு வெளியே விடுவது என்பதற்கு. படுக்கப் போகும்போது அவுட்புட்டை மூடாமல் விட்டால் சேர்த்த சூடெல்லாம் நீங்கள் தூங்கும்போதே தீர்ந்துபோய், மறுநாள் மாலை அறை ஜில்லென்று இருக்கும். புதிதாக வருகிற நம்மவர்கள் பலருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இட்லி வேகும்போதும் துணி உள்ளே காயும்போதும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லையென்றால் சுவரில் கருப்புப் பூஞ்சை வரும்.

இனி ஜி.பி. பத்து மாதமாகப் பதியாமல் இருப்பது சரியில்லை, இந்த வாரமே பதியுங்கள். விசா எடுக்கும்போது சுகாதாரக் கட்டணம் என்று ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் கட்டித்தான் வந்திருப்பீர்கள். யாரையும் தொந்தரவு செய்வதாக நினைக்க வேண்டாம். முகவரிச் சான்று கையில் இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2011 ஏப்ரலிலிருந்து மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுக்குக் கட்டணமும் கிடையாது. பதிந்தால் இன்னொரு நல்லதும் நடக்கும்: 25 முதல் 64 வயது வரை உள்ள பெண்களுக்கான கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்புக் கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போடாதீர்கள்.

போன் செய்தால் ரிசப்ஷனில் இருப்பவர் என்ன பிரச்சினை என்று கேட்பார். அதில் கோபப்பட எதுவும் இல்லை. சரியான ஆளிடம் அனுப்பத்தான் கேட்கிறார். "இரண்டு மாதமாக லோ மூட், ரொம்பத் தூங்குகிறேன், அழுகிறேன், கால் வலிக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள். உள்ளே போனதும் கிடைப்பது சுமார் பத்து நிமிடம். நம் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று உண்டு. ஒன்பது நிமிடம் தலைவலியைப் பற்றியும் கால் வலியைப் பற்றியும் பேசிவிட்டு, எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தபடி, "வேற ஒண்ணுமில்ல டாக்டர், தினமும் அழுகையா வருது" என்பார்கள். கண் அப்போதுதான் நிறையும். அந்தக் கடைசி வாக்கியத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தாளில் எழுதிக்கொண்டு போனாலும் தவறில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சைவம் என்றால் பி12 கட்டாயம். முடி கொட்டுவதும் தீராத அசதியும் இரும்புக் குறைவாலோ தைராய்டாலோ வரலாம். அதை விட்டுவிட்டு மனசை மட்டும் குறை சொல்லக் கூடாது. கால் வலியோடு படியேறச் சிரமமோ, இடுப்பு எலும்பில் வலியோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது வைட்டமின் டி குறைவாக இருக்கலாம்.

மாத்திரைக்கு வருகிறேன். அக்டோபர் முதல் மார்ச் வரை ஸ்காட்லாந்து வெயிலில் எவ்வளவு நின்றாலும் தோலில் வைட்டமின் டி உருவாகாது. இங்கே எல்லோருக்கும் சொல்லப்படும் அளவு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட். நம்மைப் போல் தோல் நிறம் கருத்தவர்கள் இதை ஆண்டு முழுவதும் எடுப்பது நல்லது. உங்கள் மகளுக்கும் அதே 10 மைக்ரோகிராம்தான். சூப்பர் மார்க்கெட்டிலேயே மலிவாகக் கிடைக்கும். சைவர்கள் ஜெலட்டின் கேப்ஸ்யூலா என்று பார்த்து வாங்குங்கள். அம்மா அனுப்பிய 60,000 யூனிட் மாத்திரை, குறைவு உறுதியானவர்களுக்குச் சில வாரங்கள் மட்டும் கொடுக்கிற சிகிச்சை அளவு. வாரம் ஒன்று என்றால் நாளொன்றுக்கு 8,500 யூனிட்டுக்கும் மேல் வருகிறது. பெரியவர்கள் மருத்துவர் சொல்லாமல் தாண்டக் கூடாத வரம்பு 4,000. மாதக்கணக்கில் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, அடங்காத தாகம், சிறுநீரகக் கோளாறு வரை போகும். அட்டையை எடுத்துப்போய் ஜி.பி.யிடம் காட்டுங்கள், அவர் சொல்லும் வரை பிரிக்க வேண்டாம்.

லைட் பாக்ஸ் கெடுதல் இல்லை, ஆனால் பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வாங்குவதென்றால் 10,000 லக்ஸ் தரக்கூடியதாக, இந்தக் குளிர்கால மனச்சோர்வுக்கென்றே செய்ததாக வாங்குங்கள். காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் 20 முதல் 30 நிமிடம், சாப்பிட்டுக்கொண்டோ படித்துக்கொண்டோ அதன் முன்னால் உட்காரலாம். நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. கண் நோயோ, மனம் அளவுக்கு மீறி உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற பைபோலார் பிரச்சினையோ இருந்தால் கேட்காமல் தொடங்க வேண்டாம். மதிய நடையை விட்டுவிட்டு அந்த இடத்தில் இதை வைக்காதீர்கள்.

மருத்துவர் மனச்சோர்வு மாத்திரையோ, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் சி.பி.டி. பயிற்சியை இணையம் வழியாகச் செய்யவோ பரிந்துரைத்தால், "அடிமையாகிவிடுவேன்" என்று பயந்து எடுத்தவுடன் மறுக்காதீர்கள். எத்தனை மாதம், எப்படி நிறுத்துவது என்று அவரிடமே கேளுங்கள். வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் அது காத்திருக்கிற விஷயம் இல்லை. உங்கள் ஜி.பி.க்கோ, மருத்துவ உதவி எண்ணான 111-க்கோ அன்றே போன் செய்யுங்கள். மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமில்லாமல் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999. தமிழில்தான் பேச வரும் என்றால் 111-இல் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்கும் காசில்லை.

கணவருக்கு இரண்டு வார்த்தை. தம்பி, நீங்கள் மனைவியின் சுமையைக் குறைக்கத்தான் மகளைக் காரில் விடுகிறீர்கள், அது அன்புதான். ஆனால் அவருக்கு இப்போது தேவை அந்தக் காலை நடை. ஷிப்ட் மாறியதும் அதை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். பதிலுக்கு மாலைச் சமையலை வாரத்தில் சில நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.பி.யிடம் போகிற அன்று லீவு போட்டுக் கூடப் போங்கள்.

வார இறுதியை ஒரு தடவையாவது இன்வர்னெஸ் தாவரவியல் தோட்டத்தில் கழியுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே வெப்பமண்டலச் செடிகளின் கண்ணாடி வீடு இருக்கிறது. ஜனவரிக் குளிரிலிருந்து கதவைத் தள்ளி நுழைந்ததும் ஈரமான வெக்கை முகத்தில் அடிக்கும், மூக்குக் கண்ணாடி பனித்துப் போகும், கோட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். மகளுக்கு அது பெரிய சந்தோஷம், உங்களுக்கும்தான். பஸ் நிலையத்தை ஒட்டி ஃபாரலைன் பார்க்கில் இருக்கும் பொது நூலகத்தில் இலவசமாகச் சேரலாம். மீட்டிங், போன் எதுவும் இல்லாத வேளையில் வாரம் ஒரு நாள் லேப்டாப்பை அங்கே கொண்டுபோய் வேலை செய்து பாருங்கள். யாரும் பேசாவிட்டாலும் மனிதர்கள் நடுவில் இருப்போம். சனிக்கிழமை காலை 9:30-க்கு பார்க்ரன் என்ற பொது ஓட்டம் உண்டு. ஓடத் தெரிய வேண்டியதில்லை, நடந்தே ஐந்து கிலோமீட்டரை முடிக்கிறவர்கள் ஏராளம். சிறிய ஊரில் நட்பு மெல்லத்தான் வரும். அதே முகத்தை அதே இடத்தில் பல வாரம் பார்த்த பிறகுதான் இந்த ஊர்க்காரர்கள் வானிலையைத் தாண்டிப் பேசத் தொடங்குவார்கள். அதற்கு நீங்கள் அந்த இடத்தில் தொடர்ந்து தென்பட வேண்டும். பள்ளி வாசல் அதற்கு நல்ல இடம்.

ஊருக்குத் திரும்புவதா? அந்த முடிவை ஜனவரியில் எடுக்காதீர்கள். போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வெளிச்சத்தில், இந்த அசதியில், ரத்தத்தில் என்ன குறை என்றே தெரியாத நிலையில் எடுக்கிற முடிவு அது என்பதால் சொல்கிறேன். ஜனவரி முடியும்போதே சூரியன் மறைய 4:30 ஆகிவிடும். மார்ச் கடைசியில் கடிகாரம் மறுபடி மாறும்போது பழைய ஷிப்டே உங்களுக்கு 9:30 ஆகிவிடும். மே மாதம் இந்தக் கேள்வியைக் கணவரோடு உட்கார்ந்து மறுபடி எடுங்கள். அப்போதும் போகலாம் என்றே தோன்றினால் தாராளமாகப் போங்கள். இருப்பதென்று முடிவானால், அடுத்த செப்டம்பரிலேயே மேனேஜரிடம் ஷிப்ட் மாற்றத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள், அக்டோபர் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்களோடு எனக்கு எழுதுங்கள்.